தீ விபத்து விசாரணைக்கு எந்தச் சான்றிதழ்? மும்பையில் இருக்கிறவர்கள் சொல்லுங்கள்

டோம்பிவிலி ஸ்லோ லோக்கல்:

எல்லாருக்கும் வணக்கம். எலக்ட்ரிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு மூன்று வருஷம் ஒரு பேனல் போர்டு கம்பெனியில் இருந்தேன். இப்போது எட்டு மாதமாக ஃபோர்ட்டில் ஒரு இன்சூரன்ஸ் சர்வேயரிடம், அதாவது நஷ்டத்தை மதிப்பிடுகிறவரிடம், டிரெய்னி. எங்களிடம் தீ கிளெய்ம்தான் அதிகம் வருகிறது, பிவண்டி கோடவுன், சாகிநாகா பட்டறை, தாராவி தையல் கூடம், இப்படி. வேலை பிடித்திருக்கிறது. ஆனால் எரிந்த இடத்தில் போய் நின்றால் எதைப் பார்ப்பது என்றே தெரியவில்லை. சரக்கு எண்ணத் தெரியும், ஸ்டாக் ரிஜிஸ்டரையும் ஜிஎஸ்டி பில்லையும் ஒப்பிடத் தெரியும், எரிந்து மிஞ்சியதற்குச் சால்வேஜ் மதிப்புப் போடத் தெரியும். தீ எங்கே பிடித்தது, ஏன் பிடித்தது என்ற இரண்டு வரியை மட்டும் எங்கள் சார் சொல்வார், நான் டைப் அடிப்பேன். பத்து அறிக்கையில் எட்டில் அந்த இரண்டு வரி 'ஷார்ட் சர்க்யூட்'.

போன மாதம் ஒரு தையல் கூடம். இரண்டாவது மாடி, இருபது மெஷின், ஒரு கட்டிங் டேபிள், மூலையில் அயர்ன் போடும் பலகை. போர்டில் எம்சிபி, அதாவது கோளாறு வந்தால் தானாகக் கரன்ட்டை வெட்டும் சுவிட்ச், எல்லாம் ட்ரிப் ஆகியிருந்தது. டேபிளுக்கு மேலே போன வயர் ஒன்றின் முனையில் செம்பு உருகி உருண்டு மிளகு மாதிரி நின்றது. சார் அதைத் தொட்டுக் காட்டி, "இதோ பார், ஷார்ட் சர்க்யூட், எழுது" என்றார். எனக்கோ கண் மூலைக்கே போனது, ஏனென்றால் அயர்ன் பலகை நடுவில் ஓட்டை விழுந்து, அதற்கு நேர் கீழே தரைப் பலகையும் கரிந்திருந்தது, சுவரில் அங்கிருந்துதான் கரி மேலே விரிந்து போனது மாதிரி இருந்தது. வாயைத் திறக்கவில்லை. டிரெய்னி அல்லவா.

வீட்டுக்கு வந்து தேடினால் ஐஏஏஐ என்கிறான், என்ஏஎஃப்ஐ என்கிறான், ஐஐசிஆர்சி என்று ஒருவன் புகைச் சேதத்துக்குத் தனிச் சான்றிதழ் தருகிறான். எதை எடுத்தால் இங்கே மதிப்பு? ஒரு தடவைதான் காசு செலவழிக்க முடியும், தங்கச்சி கல்யாணம் வருகிறது. விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொன்னால் நன்றாக இருக்கும்.

மாட்டுங்கா டிகிரி காபி:

தம்பி, மூன்று தனித்தனி வேலையை ஒரே மூட்டையில் கட்டியிருக்கிறாய், முதலில் அதைப் பிரி. தீ எப்படிப் பிடித்தது என்று கண்டுபிடிக்கிறவர் ஒருவர். நஷ்டம் எவ்வளவு, பாலிசியில் அது வருமா என்று மதிப்பிடுகிறவர் இன்னொருவர். புகையும் கரியும் படிந்ததைச் சுத்தம் செய்து மீட்கிறவர் மூன்றாமவர். நம் ஊரில் சர்வேயர் தலையில் முதல் இரண்டும் ஏறி உட்கார்ந்திருக்கிறது, அதனால்தான் உனக்குக் குழப்பம்.

இரண்டாவது வேலைக்கு மட்டும்தான் இங்கே சட்டம் இருக்கிறது. 1938 இன்சூரன்ஸ் சட்டத்தின் 64யுஎம் பிரிவைத் தேடிப் படி. குறிப்பிட்ட தொகைக்கு மேல் போகிற கிளெய்மை லைசென்ஸ் உள்ள சர்வேயர்தான் பார்க்க வேண்டும், அந்த லைசென்ஸைத் தருவது இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ. நீ அமெரிக்கச் சான்றிதழ் பத்து வாங்கிச் சுவரில் மாட்டினாலும் லைசென்ஸ் இல்லாமல் சர்வே ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட முடியாது. ஆகவே பயிற்சிக் காலத்தை ஒழுங்காக முடி, பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில் இருக்கிறதே இன்சூரன்ஸ் இன்ஸ்டிட்யூட், அவர்கள் நடத்தும் சர்வேயர் பரீட்சையைப் பாஸ் செய். அது சாப்பாடு. மற்றதெல்லாம் தொட்டுக்கொள்ள.

சரி, தொட்டுக்கொள்வதைப் பற்றி. ஐஏஏஐ என்பது 1949-இல் அமெரிக்காவில் தொடங்கிய தீ விசாரணையாளர் சங்கம். அவர்களின் பெரிய சான்றிதழ் சிஎஃப்ஐ, அதற்கு வருஷக்கணக்கில் விசாரணை அனுபவம் காட்ட வேண்டும், பயிற்சிக்கும் அனுபவத்துக்கும் பாயின்ட் கணக்கு உண்டு, அப்புறம் பரீட்சை. உனக்கு இப்போது கிட்டாது. அதற்குக் கீழே எஃப்ஐடி என்று டெக்னீஷியன் நிலை ஒன்று, அதற்கே 18 மாத அனுபவம் கேட்கிறார்கள். என்ஏஎஃப்ஐ இன்னொரு அமெரிக்கத் தீ விசாரணையாளர் சங்கம், அவர்கள் கொடுப்பது சிஎஃப்இஐ என்ற தீ மற்றும் வெடிவிபத்து விசாரணையாளர் சான்றிதழ். பரீட்சை பெரும்பாலும் அமெரிக்கத் தீ பாதுகாப்புச் சங்கமான என்எஃப்பிஏ வெளியிடும் 921 என்ற தீ விசாரணை வழிகாட்டியை ஒட்டியே இருக்கும், ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். கட்டணத்தை அவரவர் தளத்தில் பார்த்துக்கொள், மாறிக்கொண்டே இருக்கும்.

ஆனால் காசு கட்டுவதற்கு முன்னால் செலவில்லாத இரண்டு காரியம் இருக்கிறது. என்எஃப்பிஏ தளத்தில் ஒரு கணக்குத் திறந்தால் 921-ஐத் திரையிலேயே இலவசமாகப் படிக்கலாம், இறக்க முடியாது, அவ்வளவுதான். இன்னொன்று ஐஏஏஐ நடத்தும் சிஎஃப்ஐ டிரெய்னர் தளம். ஒவ்வொரு பாடத்துக்கும் கடைசியில் தேர்வு வைத்து, படித்த மணிநேரத்தைக் காட்டிச் சான்று கொடுப்பார்கள், அதுவும் இலவசம். ஆறு மாதம் இவற்றைப் பார். அப்புறமும் தூக்கம் வராமல் அந்த அயர்ன் பலகையே கண்ணில் நின்றால் பரீட்சைக்குக் காசு கட்டு.

இப்போது உன் மிளகு. வயர் முனையில் செம்பு உருண்டு, உருகின இடத்துக்கும் உருகாத இடத்துக்கும் நடுவில் கோடு கிழித்த மாதிரி இருந்தால், அங்கே ஆர்க், அதாவது மின்பொறி, அடித்திருக்கிறது, சரிதான். ஆனால் அதனால் தெரிவது ஒன்றே ஒன்று: தீ வந்தபோது அந்த வயரில் கரன்ட் இருந்தது. வேறெங்கோ பிடித்த தீ மேலே ஏறி வயரின் பிவிசி உறையைத் தின்றால், உள்ளே இரண்டு கம்பியும் தொட்டுக்கொண்டு ஆர்க் அடிக்கும், எம்சிபியும் விழும். கூடத்தில் தீ எங்கே பிடித்திருந்தாலும் டேபிளுக்கு மேலே உனக்கு மிளகு கிடைத்திருக்கலாம்.

அதற்காக அயர்ன் பாக்ஸ்தான் குற்றவாளி என்று நீயும் துள்ளாதே. மேலே இருந்து எரிகிற துணி மூட்டை விழுந்தாலும் பலகையில் ஓட்டை விழும். அந்த அயர்ன் பாக்ஸ் இப்போது எங்கே? சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டின் கான்டாக்ட் ஒட்டிக்கொண்டிருந்ததா, பிளக் சாக்கெட்டில் இருந்ததா, யார் கடைசியாகப் பயன்படுத்தினார்கள்? இதைக் கேட்டீர்களா?

சாயன் கோலிவாடா:

படிப்பு சம்பந்தமாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை, பட்டறை வைத்திருக்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். ஷார்ட் சர்க்யூட் என்று எழுதினால் யாருக்கும் மனவருத்தம் இல்லை. முதலாளிக்குப் பணம், வேலையாளுக்குத் திட்டு இல்லை, போலீசுக்கு ஃபைல் மூடியாச்சு, வயரும் வந்து மறுப்புத் தெரிவிக்காது. எங்கள் ஏரியாவில் எல்லாத் தீயும் ஷார்ட் சர்க்யூட்தான், கொசுவர்த்தியால் பிடித்ததுகூட.

தானே நிர்மலா அக்கா:

மேலே காபிக்காரர் மூன்றாவது வேலை என்று ஒரே வரியில் தள்ளிவிட்டுப் போய்விட்டார், அதைத்தான் நான் பதினோரு வருஷமாகச் செய்கிறேன். எரியாத சாமானைப் புகையிடமிருந்து மீட்பது. ஐஐசிஆர்சி தருகிற எஃப்எஸ்ஆர்டி என்னிடம் இருக்கிறது, தீ மற்றும் புகைச் சேத மீட்பு டெக்னீஷியன் என்று அர்த்தம். தம்பி, அது உனக்கு வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் தீக்கான காரணத்தைக் கண்டுபிடிக்க அதில் ஒரு வரியும் வராது. எந்தக் கரியை எப்படித் துடைப்பது, எதை மீட்கலாம், எதைத் தூக்கிப் போடலாம் என்பதுதான் பாடம். அதை வைத்துக்கொண்டு 'சான்றளிக்கப்பட்ட தீ விசாரணையாளர்' என்று விசிட்டிங் கார்டு அடித்தவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள், அதனால் சொல்கிறேன்.

ஆனால் சர்வேயர்கள் கோட்டை விடுவது பெரும்பாலும் இந்தப் புகையில்தான். எரிந்த அறையை மூன்று நாள் சுற்றிச் சுற்றி போட்டோ எடுப்பார்கள், பக்கத்து அறையை 'தீ பரவவில்லை' என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். வயர் உறை, பைப், ரெக்சின் என்று பிவிசி எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வரும். அது காற்றிலிருக்கும் ஈரத்தில் கலந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம், கழிப்பறை கழுவும் ஆசிட்டில் இருக்கிற அதே சரக்கு. கரித்தூளோடு சேர்ந்து அது உலோகத்தின் மேல் உட்காரும். வறண்ட ஊரில் கொஞ்ச நாள் தாங்கும். மும்பையில் ஜூலை மாதத்தில் யோசித்துப் பார்.

ஒரு எம்பிராய்டரி யூனிட்டைச் சொல்கிறேன். தீ கீழ் மாடியில், இவர்கள் இருந்தது மேலே. மெஷின் மேல் லேசான சாம்பல் நிறம், பவுடர் பூசிய மாதிரி, அவ்வளவுதான். முதலாளி ஆளை விட்டு ஈரத் துணியால் துடைக்கச் சொன்னார், அப்புறம் கரன்ட் போட்டு ஓட்டிப் பார்த்தார், ஓடியது, சந்தோஷம். இரண்டு செயலும் தப்பு. ஈரத் துணி கரியைத் தேய்த்து உள்ளே ஏற்றும், தண்ணீர் குளோரைடை எழுப்பிவிடும். கரன்ட் போட்டால் போர்டில் உப்புப் படிந்த இடத்தில் கசிவு ஓடும். நாங்கள் போனது பத்தொன்பதாவது நாள். ஊசித் தண்டு எல்லாம் மஞ்சளாகத் துரு, கன்ட்ரோல் போர்டைக் கழற்றினால் ஐசி சிப்புகளின் கால்களில் பச்சைப் பூ பூத்திருந்தது. முதல் இரண்டு நாளில் கரன்ட்டை வெட்டி, அறையை மூடி, டிஹியூமிடிஃபையர் வைத்து ஈரப்பதத்தை நாற்பது சதவீதம் பக்கம் இறக்கி, உலர்ந்த ஸ்பாஞ்சால் கரியை எடுத்து, மேற்பரப்பில் குளோரைடு எவ்வளவு என்று ஸ்வாப் எடுத்துப் பார்த்திருந்தால் பாதிக்கு மேல் மீண்டிருக்கும். சர்வேயர் வந்தது ஏழாம் நாள், அவர் கேட்ட முதல் கேள்வி 'என்ன எரிந்தது?'

தம்பி, அந்தத் தையல் கூடத்தில் எரியாத மெஷின்கள் எத்தனை, இப்போது என்ன நிலையில் இருக்கின்றன? அதையும் போய்ப் பார்.

டோம்பிவிலி ஸ்லோ லோக்கல்:

இருவருக்கும் நன்றி. அண்ணா, நீங்கள் அயர்ன் பாக்ஸ் எங்கே என்று கேட்டதைப் படித்ததுமே வயிற்றைக் கலக்கியது. நேற்று போய்ப் பார்த்தேன். நாங்கள் வந்துபோன நாலாம் நாளே பங்கார்வாலா, அதான் பழைய இரும்புக்காரன், வந்து இரும்பு, செம்பு எல்லாவற்றையும் எடை போட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டானாம், இடம் துடைத்து வெள்ளை அடித்தாகிவிட்டது. நாங்கள் பத்திரப்படுத்தச் சொல்லவில்லை என்பதுதான் உண்மை. அக்கா, எரியாத மெஷின் எட்டு இருந்தது, நம் லிஸ்டில் 'சேதமில்லை' என்று நான்தான் போட்டேன். நேற்று பார்த்தபோது அதில் ஐந்தில் துரு.

பைக்கலா மணியோசை:

ஓய்வுபெற்ற தீயணைப்பு அதிகாரி. நாக்பூர் தேசியத் தீயணைப்புக் கல்லூரியில் பயிற்சி, அதற்குப் பிறகு 31 வருஷம் ஹோஸ் பிடித்தவன். எங்கள் துறை அறிக்கையை வைத்துத்தான் எல்லாரும் 'ஷார்ட் சர்க்யூட்' எழுதுகிறார்கள் என்பதால் எங்கள் தரப்பையும் சொல்ல வேண்டும். நாங்கள் போவது ஆளைக் காப்பாற்ற, அப்புறம் தீயை அணைக்க. காரணம் என்பது படிவத்தில் கடைசிப் பக்கம் வருகிற உத்தேசம். அதிகாலை நாலு மணிக்குத் தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றுகொண்டு எழுதிய உத்தேசத்தை, இன்சூரன்ஸ்காரர்கள் பகலில் ஏசி அறையில் உட்கார்ந்து தீர்ப்பாக மாற்றுகிறார்கள்.

சான்றிதழ் தேவையா என்று கேட்டால், தேவை என்றுதான் சொல்வேன், ஆனால் வேறு காரணத்துக்கு. எங்கள் காலத்தில் பெரியவர்கள் சொல்லிக் கொடுத்ததில் பாதி தப்பு. ஜன்னல் கண்ணாடி சிலந்தி வலை மாதிரி வெடித்திருந்தால் பெட்ரோல் ஊற்றியிருக்கிறான் என்பார்கள். 1991-இல் கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து மலையில் காட்டுத்தீ வந்து வீடுகள் வரிசையாக எரிந்தன, யாரும் எந்த வீட்டுக்கும் பெட்ரோல் ஊற்றவில்லை. விசாரணையாளர்கள் போய்ப் பார்த்தால் பல வீடுகளில் அதே சிலந்தி வலைக் கண்ணாடி. சூடான கண்ணாடி மேல் எங்கள் தண்ணீர் பட்டால் அப்படி வெடிக்கும், விஷயம் அவ்வளவுதான். அதே வருஷம் ஃபுளோரிடாவில் ஜாக்சன்வில்லில், ஒருவன் வீட்டைக் கொளுத்தினானா என்று பார்க்க, பக்கத்தில் இருந்த அதே மாதிரி வீட்டில் சோபாவைப் பற்ற வைத்துச் சோதித்தார்கள். எண்ணெய் எதுவும் இல்லாமலே ஐந்து நிமிடத்துக்குள் அறை முழுக்க ஒரே நேரத்தில் பற்றிக்கொண்டது. ஃபிளாஷ்ஓவர் என்பார்கள். கூரையடியில் புகையின் சூடு 600 டிகிரி பக்கம் போனால் தரையில் இருப்பதெல்லாம் தானே பற்றும். அதற்கப்புறம் தரையில் தெரிகிற கரிக் குட்டையைக் காட்டி 'இங்கே ஊற்றியிருக்கிறான்' என்றால் அது ஜோசியம்.

டெக்சஸில் இந்த மாதிரி ஜோசியத்தை நம்பி, மூன்று குழந்தைகளைக் கொன்றான் என்று அப்பா ஒருவரை 2004-இல் தூக்கிலேற்றாமல் ஊசி போட்டுக் கொன்றார்கள். வில்லிங்ஹம் என்று பெயர். அந்த வழக்கில் சொன்ன அடையாளங்களில் கண்ணாடி வெடிப்பும் உண்டு, தரைக் கரியும் உண்டு. அவை எதுவும் கொளுத்தியதைக் காட்டவில்லை என்று பிறகு வந்த தீ விஞ்ஞானிகள் எழுதினார்கள். நம் ஊரில் கிளெய்ம் போவதோடு நிற்காது தம்பி, நாளைக்குக் கோர்ட்டில் உன் ரிப்போர்ட்டை நீட்டுவார்கள். 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டம் வந்த பிறகு நிபுணர் கருத்து 39-ஆவது பிரிவில் இருக்கிறது, அங்கே வக்கீல் கேட்கப்போவது 'எத்தனை சான்றிதழ்' என்பதைவிட 'வேறு எந்தெந்தக் காரணத்தைப் பரிசோதித்து விலக்கினீர்கள்' என்பதுதான். 921 சொல்கிற முறையின் உயிரே அதில்தான் இருக்கிறது. மற்றதெல்லாம் இல்லை, ஆகவே இதுதான் என்று எழுதக் கூடாது என்றுகூட அதில் உண்டு. ஆதாரம் எரிந்து போயிருந்தால், 'தீர்மானிக்க முடியவில்லை' என்று எழுதுவதும் முறையான முடிவுதான்.

ஒரு சின்ன விஷயம். எண்ணெய் சந்தேகம் வந்து கரித்துண்டு எடுத்தால் கேரி பேக்கில் போடாதே. சாதாரண பாலிதீன் வழியாக ஆவி வெளியே போகும். புதிய, காலியான தகரப் பெயிண்ட் டப்பாவில் முக்கால்வாசிக்கு மேல் நிரப்பாமல் போட்டு மூடியைத் தட்டி அடை. எரியாத இடத்திலிருந்து அதே மரம், அதே துணி ஒப்பிடுவதற்கு ஒரு டப்பா தனியாக வேண்டும். அதில்லாமல் அனுப்பினால் ஆய்வகத்தில் கிடைத்த கெரசின் வாடை பலகைக்கு அடித்த பாலிஷா, ஊற்றினதா என்று யாராலும் சொல்ல முடியாது.

மாட்டுங்கா டிகிரி காபி:

மணியோசை சார் சொன்னதில் ஒன்றைச் சேர்க்கிறேன். காரணம் தப்பாகப் போனால் பணமும் தப்பாகப் போகும். பழைய ஸ்டாண்டர்டு ஃபயர் பாலிசி வாசகத்தில், ஷார்ட் சர்க்யூட்டால் எந்த மெஷின் கெட்டதோ அந்த மெஷினுக்கு மட்டும் பணம் இல்லை, அங்கிருந்து பரவி எரிந்த மற்றதற்கு உண்டு. தானாகச் சூடேறி எரிந்த சரக்குக்குத் தனியாக ஆட்-ஆன் எடுத்திருக்க வேண்டும். ஆக அந்த இரண்டு வரி சும்மா சம்பிரதாயம் இல்லை. இன்னொன்று, சர்வேயர் சொன்னதே கடைசி வார்த்தை இல்லை என்று 2009-இல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது, உங்கள் சாருக்கும் ஞாபகப்படுத்து. பணிவாக.

டோம்பிவிலி ஸ்லோ லோக்கல்:

எல்லாருக்கும் நன்றி. முடிவு செய்துவிட்டேன்: முதலில் சர்வேயர் பரீட்சை, நடுவில் ரயிலில் 921, சிஎஃப்இஐ அடுத்த வருஷம். எஃப்எஸ்ஆர்டியை நிர்மலா அக்காவுக்கே விட்டுவிடுகிறேன்.

தையல் கூடத்து ஃபைனல் ரிப்போர்ட் இன்னும் போகவில்லை. முதலாளியின் அக்கா பையன் தீ அணைந்த காலையில் போனில் எடுத்த பதினாலு போட்டோ வைத்திருந்தான், வாங்கிவிட்டேன். ஒன்றில் அயர்ன் பாக்ஸ் ஓட்டைக்குப் பக்கத்தில் கவிழ்ந்து கிடக்கிறது, பிளக் சாக்கெட்டில் இருக்கிறது, சுவிட்ச் உருகியதால் மேலேயா கீழேயா என்று தெரியவில்லை. காரணம் என்ற இடத்தில் 'கிடைத்த ஆதாரத்தை வைத்துத் தீர்மானிக்க முடியவில்லை' என்று டைப் அடித்து, அந்தப் போட்டோவை இணைத்து, எட்டு மெஷினையும் மறுபரிசோதனை செய்ய வேண்டும் என்று ஒரு பத்தி சேர்த்து சார் டேபிளில் வைத்தேன். இரண்டு தடவை படித்தார். "இதை உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டார். அப்புறம் பேனாவை எடுத்து, முதல் வரிக்குக் கீழே 'மின் கோளாறை விலக்க முடியாது' என்று தன் கையால் எழுதிச் சேர்த்தார். என் வரியை அடிக்கவில்லை.